மலிவு டிக்கெட்

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அவர் ரிக்ஷாவில் ஏறி நான் பார்த்ததில்லை. கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம். கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கியதும், வெளியே வரிசையாக நிற்கும் ரிக்ஷாக்காரர்களைப் பார்த்து மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இதோ, கூப்பிடு தூரம்தானே!" என்பார். கூப்பிடு தூரம் என்பது இரண்டு மைல். முன்னால் அவர், கையில் குடை. நடுவில் நான், கையில் கூஜா. பின்னால் அம்மா; இடுப்பில் என் தங்கை, மற்றொரு கையில் துணி மூட்டை. வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் அப்பா, "மூன்று ரூபாய் மிச்சம்" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவிப்பார். லாட்டரியில் விழுந்த பணம்போல அந்த மூன்று ரூபாய் அன்று முழுவதும் வீட்டில் பளபளத்துக்கொண்டிருக்கும்.

அப்பா காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த மூன்று ரூபாய் மட்டும் பரம்பரைச் சொத்தாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் எங்கே போனாலும் அதுவும் கூட வருகிறது. ஐரோப்பாவுக்கும் வந்தது.

2023-ஆம் வருஷம் செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் வியன்னா, வெனிஸ், பாரீஸ் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தோம். மொத்தம் 12 இரவுகள். திரும்பி வந்ததிலிருந்து சிநேகிதர்களும் வாசகர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. "டிக்கெட் எவ்வளவுக்குக் கிடைத்தது? ஊருக்கு ஊர் எப்படிப் போனீர்கள்?" என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். கணக்குப் பாடத்தில் தேறாமல் கல்லூரியைப் பாதியில் விட்டவன் கணக்குச் சொல்ல வருகிறான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் பாதி ஒரு நாவலுக்கு வந்தது. மற்றப் பாதி என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அவளும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். காலாண்டு விடுமுறையோடு லீவையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஆகாய விமான டிக்கெட். ஒரு சிநேகிதர், "செவ்வாய்க்கிழமை ராத்திரி வாங்கினால் மலிவு" என்றார். என் தாயாரோ, "நல்ல காரியத்தைச் செவ்வாய்க்கிழமையா ஆரம்பிப்பாங்க?" என்றாள். இரண்டும் நம்பிக்கைதான்; அம்மாவின் நம்பிக்கை கொஞ்சம் பழையது, அவ்வளவே வித்தியாசம். விமானக் கம்பெனி கிழமை பார்ப்பதில்லை. ஒரே மாதிரியான இருக்கைகளைப் பல விலைகளில் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. மலிவான பங்கு தீர்ந்தால் அடுத்த பங்கு; அது தீர்ந்தால் அதற்கும் மேலே. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். ஆகவே கிழமையைவிட மாதம் முக்கியம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஐரோப்பியர்களுக்கே விடுமுறை. டிசம்பரில் கிறிஸ்துமஸ். நடுவில் செப்டம்பரின் பிற்பகுதி சாது. நாங்கள் ஏப்ரல் மாதமே, ஒரு புதன்கிழமை, வாங்கிவிட்டோம்.

இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், போகும்போது வியன்னாவில் இறங்கி, திரும்பும்போது பாரீஸில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாக எடுத்தது. போன ஊருக்கே திரும்பி வந்து ஏறுவது என்றால், அதற்கென்று ஒரு பகலும் ஒரு டிக்கெட்டும் வீணாகும். தனித் தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தாலோ, பல சமயம் ஒன்றின் விலையே போய் வருகிற விலைக்குக் கிட்ட வந்து நிற்கும். வாசகர்கள் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம். இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அடுத்தது விஸா. 1985-ஆம் வருஷம் லக்ஸம்பர்க் தேசத்தில் ஷெங்கன் என்ற கிராமத்தில், மொஸேல் நதியில் நின்ற ஒரு கப்பலில் சில தேசத்தார் கூடி, எங்களுக்குள் எல்லைக் காவல் வேண்டாம் என்று கையெழுத்திட்டார்கள். நாங்கள் போன வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் 27 தேசங்கள் இருந்தன. ஒரு விஸா இருந்தால் அத்தனைக்கும் போகலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் விண்ணப்பம் செய்யவேண்டும். எங்களுக்குப் பாரீஸில் ஐந்து இரவு, ஆகவே பிரான்ஸ். வைத்தியச் செலவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இன்ஷூரன்ஸ் காட்டவேண்டும். "முப்பதாயிரம் யூரோவுக்கு அங்கே என்ன வியாதி வரும்?" என்றாள் என் மனைவி. அப்போது ஒரு யூரோ தொண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இந்தப் பிரயாணத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய பிறந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய காலண்டர்ப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பனி மூடிய மலை. அடிவாரத்தில் ஒரு சிவப்பு ரயில். பள்ளிக்கூடப் பாடம் படிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு படித்தவள் அவள். "ரயில்லே உட்கார்ந்துக்கிட்டு அந்த மாதிரி ஒரு மலையைப் பார்க்கணும். மற்றதெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள்.

"அதற்கென்ன, பார்த்துவிட்டால் போகிறது!" என்று சொன்னேன். ஐரோப்பாவின் நடுவில் ஆல்ப்ஸ் மலை படுத்திருக்கிறது. வியன்னாவிலிருந்து வெனிஸுக்கும், வெனிஸிலிருந்து பாரீஸுக்கும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மலையைப் பார்க்காமல் போவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அந்தக் கஷ்டமான காரியத்தை நான் எப்படிச் சாதித்தேன் என்பதே இந்தக் கட்டுரை.

வியன்னாவில் எல்லாம் நன்றாக நடந்தது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர இரண்டு ரயில்கள். ஒன்று எங்கும் நிற்காமல் 16 நிமிஷத்தில் வருகிறது. மற்றொன்று சாதாரண ரயில். சுமார் 25 நிமிஷம் ஆகிறது. முதல் ரயிலின் கட்டணம் அப்போது இரண்டாவதைப்போல் சுமார் மூன்று மடங்கு. வாசலில் விளம்பரம் எல்லாம் முதல் ரயிலுக்குத்தான். நாங்கள் இரண்டாவதில் வந்தோம். பிறகு 72 மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட், 17 யூரோ சொச்சம். பாதாள ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. பாதாள ரயிலுக்குப் போகிற வழியில் கதவும் இல்லை, காவலும் இல்லை. நீலப் பெட்டி ஒன்றில் டிக்கெட்டை நுழைத்து நாமாகவே முத்திரை குத்திக்கொள்ளவேண்டும். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டால் அபராதம் 100 யூரோவுக்கு மேல். நம்பிக்கையும் மிரட்டலும் இப்படிச் சமமாகக் கலந்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் மனைவி இரண்டு டிக்கெட்டுகளையும் பயபக்தியோடு முத்திரை குத்திப் பையில் வைத்துக்கொண்டாள்.

அங்கே பெரிய மியூஸியத்தில் ப்ரூகெல் என்ற ஓவியர் 1565-ல் எழுதிய பனிக்காலச் சித்திரம் ஒன்று இருக்கிறது. வேட்டைக்காரர்கள் நாய்களோடு களைத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். கீழே உறைந்த குளத்தில் குழந்தைகள் விளையாடுகின்றன. தூரத்தில் செங்குத்தான மலைகள். ப்ரூகெல் வாழ்ந்த ஊர்ப் பக்கத்தில் மலையே கிடையாது. வாலிபத்தில் இத்தாலிக்குப் போனபோது ஆல்ப்ஸைக் கடந்திருக்கிறார், அந்த ஞாபகம். என் மனைவி அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். நான் அந்தப் படம் உள்ள தடிப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அந்தப் புத்தகம் பின்னால் மறுபடியும் வரும்.

வியன்னாவிலிருந்து வெனிஸுக்குப் பகல் ரயிலும் உண்டு, இரவு ரயிலும் உண்டு. பகல் ரயில் ஸெம்மரிங் கணவாய் வழியாக ஏறிப் போகிறது. 1854-ல் கட்டி முடித்த மலை ரயில் பாதை அது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று மதிக்கிறார்கள். இரவு ரயிலில் போனால் ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை மிச்சம். நான் இரவு ரயிலைப் பதிவு செய்தேன்.

"ராத்திரியிலே மலை தெரியுமா?" என்று கேட்டாள்.

"வெனிஸிலிருந்து பாரீஸுக்குப் பகல் ரயிலில்தானே போகப்போகிறோம்? அதில் வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்" என்றேன்.

ரயில் என்னவோ சுகமாகத்தான் இருந்தது. படுக்கை, கம்பளி, காலையில் காப்பி. நம் ஊர் ஸ்லீப்பரை ஸ்திரீகளின் தலையணை உறை மாதிரி வெளுத்து மடித்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆல்ப்ஸ் மலையை நாங்கள் முதல் தடவையாகக் குறட்டை விட்டுக்கொண்டு கடந்தோம். காலையில் கண் விழித்தபோது ரயில் கடலின் மேல் போய்க்கொண்டிருந்தது. கரையிலிருந்து வெனிஸுக்கு சுமார் 4 கிலோமீட்டர் பாலம். பாம்பன் பாலத்தில் போயிருக்கிற என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "ராமேஸ்வரம் மாதிரி இருக்கு" என்றாள்.

வெனிஸில் படகு பஸ் ஒரு தடவை ஏற அந்த வருஷம் ஒன்பதரை யூரோ. ஆகவே நடந்தோம். நடப்பதற்கே ஏற்பட்ட ஊர் அது. பெரிய கால்வாயைக் கடக்கப் பாலம் தூரமாக இருந்தால், அக்கரைக்கு நின்றபடியே போகும் ஓடம் ஒன்று உண்டு. ஆளுக்கு இரண்டு யூரோ. கொண்டோலா என்று பெயர் சொல்லி எண்பது, தொண்ணூறு யூரோ வாங்குகிற அதே ஜாதிப் படகுதான் அதுவும். இதெல்லாம் நல்ல சிக்கனம். கால் வலித்தால் இருவருக்கும் சேர்ந்து வலித்தது.

ஒரு நாள் பதுவைக்குப் போனோம். எங்கள் எதிர் வீட்டு அம்மாள் கிறிஸ்தவர். "கோடி அற்புதர் அந்தோணியார் கோவிலில் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றணும்" என்று என் மனைவியிடம் சொல்லியனுப்பியிருந்தார். காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். வெனிஸிலிருந்து அரை மணிப் பிரயாணம். ரயில் கிளம்புகிற சமயம். பிளாட்பாரத்தில் ஒரு சின்ன யந்திரத்தைக் காட்டி, "இங்கேயும் முத்திரை குத்தணும்போல இருக்கே!" என்றாள் என் மனைவி. "நாழியாயிற்று, ஏறு!" என்றேன். டிக்கெட் வாங்கியாயிற்று, பிறகு என்ன முத்திரை? பரிசோதகர் வந்தார். இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டுக்கு ஏறுமுன் முத்திரை குத்தவேண்டும். முத்திரை குத்தினால்தான் அது செல்லும். குத்தாவிட்டால், மறுபடியும் உபயோகிக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். அவர் மரியாதையாக விளக்கினார். மரியாதையாக அபராதமும் வாங்கினார். தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கோவிலில் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "நம்ம காசையும் தேடிக் கொடுக்கச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி மலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திட்டப்படி மிலான் வழியாகப் பாரீஸுக்குப் பகல் ரயில். 1871-ல் திறந்த ஃப்ரேஜுஸ் குகைப்பாதையில் புகுந்து, ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கம் வெளியே வருகிறது. நாங்கள் புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்கு முன், ஆகஸ்ட் 27-ஆம் தேதி, பிரான்ஸ் பக்கத்தில் மோரியென் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டது. அது மறுபடி திறந்தது 2025 மார்ச் கடைசியில்தான்.

வேறு வழி இல்லாமற் போகவில்லை. மிலானிலிருந்து ஸிம்ப்ளான் குகை வழியாக ஸ்விட்ஸர்லாந்துக்குள் போய், ஜெனீவாவில் ரயில் மாறிப் பாரீஸ் போகலாம். மலையும் ஏரியும் உள்ள வழி. அதே விஸா போதும். இருவருக்கும் சேர்த்து 240 யூரோ. கம்ப்யூட்டரின் அடுத்த பக்கத்தில் ஆகாய விமானம்: வெனிஸ் - பாரீஸ், ஆளுக்கு 19 யூரோ 99 சென்ட்.

அந்த எண்ணைப் பார்த்ததும் என்னுள் இருந்த மூன்று ரூபாய் துள்ளிக் குதித்தது. இருவருக்கும் 40 யூரோ, ஒரு பெட்டிக்கு 35, ஆக 75. மிச்சம் 165 யூரோ! பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல்! என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்தாள். "சரி, அதிலேயே போடுங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்தது என்று நான் அப்போது கவனிக்கவில்லை. மிச்சம் பிடிக்கிறவனுக்குக் காது கேட்பதில்லை.

இந்த மலிவு விமானங்களின் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980-களின் கடைசியிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குள் விமானப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகளைப் படிப்படியாக நீக்கினார்கள். 1997 முதல் எந்த உறுப்பு நாட்டுக் கம்பெனியும் மற்றொரு நாட்டுக்கு உள்ளேயே ஊருக்கு ஊர் விமானம் விடலாம் என்று ஆயிற்று. போட்டி வந்தது, விலை இறங்கியது. பெரிய விமான நிலையங்களில் இறங்கக் கூலி அதிகம். ஆகவே தூரத்தில் இருக்கும் சின்ன நிலையமாகப் பார்த்து இறங்குகிறார்கள். நம் ஊரில் ஒரு ஹோட்டல்காரர், "சாப்பாடு ஒரு ரூபாய்" என்று பலகை எழுதி வைத்து, இலைக்கு, உப்புக்கு, தண்ணீருக்கு, உட்காரும் பலகைக்கு என்று தனித் தனியே வாங்கினால் எப்படியோ அப்படி. ஒன்றும் ஏமாற்று இல்லை. எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. நாம்தான் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம்.

வெனிஸ் என்று எழுதியிருந்த விமானம் புறப்படுவது ட்ரெவிஸோ என்ற வேறு ஊரிலிருந்து. பஸ்ஸுக்கு இருவருக்கும் 24 யூரோ. பாரீஸ் என்று எழுதியிருந்த விமானம் இறங்குவது போவே என்ற ஊரில். பாரீஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். அங்கிருந்து பஸ்ஸுக்கு 34 யூரோ. கைப்பை 40 சென்டிமீட்டர் உயரம், 25 அகலம், 20 கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. அதை அளக்க வாசலில் ஒரு இரும்புக் கூடு வைத்திருக்கிறார்கள். என் மனைவியின் பை கூட்டுக்குள் சாதுவாக இறங்கிற்று. என்னுடையது இறங்கவில்லை, ப்ரூகெல் இடம் கொடுக்கவில்லை. நான் அழுத்தினேன். பின்னால் நின்றவர்கள் யோசனை சொன்னார்கள். கடைசியில் 60 யூரோ கொடுத்து அந்தப் பையையும் தனியே ஏற்றினேன். பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்தாகவேண்டும் என்று என் மனைவியின் கம்பளிக் கோட்டையும் உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னவன் நான்தான். "ஒன்றரை மணி நேரம்தானே, அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்" என்றேன்.

விமானம் ஒரு மணி நாற்பது நிமிஷம் தாமதம். ஐரோப்பாவில் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், தவறு கம்பெனியுடையதாக இருக்கும் பட்சத்தில், 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு 250 யூரோ நஷ்ட ஈடு உண்டு. ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆல்ப்ஸ் மலையை இரண்டாம் தடவையாக இருட்டில் கடந்தோம். போவேயில் இறங்கியபோது இரவு பதினொன்றரை. வெட்டவெளியில் பஸ்ஸுக்கு வரிசை. குளிர்காற்று சுழற்றி அடித்தது. கோட்டை எடுக்கவேண்டுமானால் வரிசையை விட்டு விலகிப் பெட்டியைத் திறக்கவேண்டும்; விலகினால் இந்த பஸ் போய்விடும். "பரவாயில்லை, ஏறிட்டாச் சரியாப் போயிடும்" என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். போர்ட் மயோ என்ற இடத்தில் பஸ் எங்களை இறக்கியபோது மணி ஒன்றுக்கு மேல். பாதாள ரயில் நின்றுவிட்டது. டாக்ஸிக்கு 30 யூரோ.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டதும் பழக்க தோஷத்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். 40, 35, 24, 60, 34, 30. கூட்டினால் 223. ஸ்விஸ் ரயிலுக்கு 240. மிச்சம் 17 யூரோ.

"மிச்சம்" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

பாரீஸில் எங்களுக்கு இருந்த ஐந்து நாளில் இரண்டு நாள் காய்ச்சலில் போயிற்று. 30,000 யூரோ இன்ஷூரன்ஸில் ஒரு சென்ட்கூடத் தேவைப்படவில்லை. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் இரண்டு மூன்று யூரோவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் ரொட்டி இறங்கவில்லை. "கொஞ்சம் கஞ்சி கிடைச்சாத் தேவலை" என்றாள்.

எங்கள் ஹோட்டல் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அதைத் தாண்டி லா ஷப்பெல் பக்கம் நடந்தால் தமிழ்ப் பலகைகள் தொடங்கிவிடுகின்றன. மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை. பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களுடையவை. ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். அறுபது வயதுக்காரர் ஒருவர் உள்ளே போய், சோற்றைக் குழைய வேகவைத்து, மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்தார். காத்திருந்த நேரத்தில் எங்கள் பிரயாணத்தைப் பற்றிக் கேட்டார். நான் 19 யூரோ 99 சென்ட் கதையைக் கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னேன். அவரும் சிரித்தார்.

"நான் வெளிக்கிட்டது தொண்ணூறாம் ஆண்டு. இஞ்சை வந்து சேர ஏழு மாதம்" என்றார்.

"செலவு?" என்று கேட்டேன். இந்தப் புத்தி எங்கே போனாலும் போகாது.

"அம்மாடை தாலிக்கொடியை வித்தது. அவ அதைப்பற்றி ஒரு நாளும் கதைக்கேல்லை. நானும் கேக்கேல்லை" என்றார். கஞ்சிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சூடான டப்பாவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அவர் வந்த வழியையும் நான் வந்த வழியையும் ஒன்றாகப் பேசுவதே பாவம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் என்னை விடவில்லை. டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது கட்டணத்தில் ஒரு பகுதிதான். மீதியை யாரோ கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கும்பகோணம் ரயில் நிலையத்திலிருந்து பாட்டி வீட்டுக்குப் போகும் அந்த இரண்டு மைலில் அப்பாவின் முதுகு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னால் வந்த அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அது அக்டோபர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஓர்ஸே மியூஸியத்துக்குக் கட்டணம் இல்லை. முன்பதிவு மட்டும் செய்துகொள்ளவேண்டும். ஊரிலிருந்தே செய்து வைத்திருந்தேன். பாதாள ரயிலுக்கு வாரப் பாஸ் வாங்கலாம் என்றால், அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். நாங்கள் வந்ததோ வியாழன் இரவு. ஆகவே தனித் தனி டிக்கெட். ஓர்ஸே மியூஸியம் 1900-ல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டடம். பின்னால் மியூஸியமாக மாற்றி 1986-ல் திறந்தார்கள். பெரிய கடிகாரமும் வளைந்த கூரையும் அப்படியே இருக்கின்றன. இதை விளக்கிச் சொன்னேன். அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவாயில்லை. கடைசியிலே ரயில்வே ஸ்டேஷனுக்காவது கூட்டிக்கிட்டு வந்தீங்க" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாள். இருக்கையைப் பொறுக்கத் தனிக் கட்டணம் என்பதால் நான் ஏப்ரலிலேயே அதை வேண்டாம் என்று விட்டிருந்தேன். அவளுக்கு நடு வரிசையில், நடு நாற்காலி. விமான நிலையத்தில் அந்தப் பெண்ணிடம், பகல் வேளையில் விமானம் எந்தப் பக்கமாகப் போகும், மலை எந்தப் பக்கம் தெரியும் என்று விசாரித்தேன். வலது பக்கம் ஜன்னல் ஒன்று காலியாக இருந்தது. 30 யூரோ என்றாள். கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. நான் எங்கோ பின்னால் வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் மேகம் விலகிற்று. வலது பக்கத்து ஜன்னல்களில் எல்லாம் வெளிச்சம் வெள்ளையாக மாறியது. நான் எழுந்து அவள் வரிசைக்குப் போனேன். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சின்னதாத் தெரியுது!" என்றாள். "காலண்டர்லே பெரிசா இருக்கும்."

அதற்கு நான் என்ன சொல்வது?

கேட்டவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். டிக்கெட்டை முன்னதாக வாங்குங்கள். ஒரு ஊரில் இறங்கி மற்றோர் ஊரில் ஏறுங்கள். நிற்காத ரயிலை விட்டு, நிற்கிற ரயிலில் போங்கள். முத்திரை குத்துங்கள். விலையைப் பார்க்கும்போது விமானம் எந்த ஊரில் இறங்குகிறது, எத்தனை மணிக்கு, அங்கிருந்து எதில் போவது என்பதையும் கூட்டிப் பாருங்கள். சிக்கனம் நல்லது, அப்பாவை நான் குறை சொல்லவில்லை, அவர் மிச்சம் பிடித்த பணத்தில்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன். ஆனால் கூட வருகிறவரிடம், "உனக்குச் சரிதானா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரையில் கொஞ்சம் நில்லுங்கள். "சரி, அதிலேயே போடுங்க" என்பது பதில் அல்ல.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, கும்பகோணத்திலே அப்பா நம்மை நடத்தியே அழைத்துக்கொண்டு போவாரே, குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடக்க உனக்குக் கஷ்டமாக இல்லையா?"

அம்மா கையை நிறுத்தவில்லை. ஒரு தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள்.

"இத்தனை வருஷத்திலே இப்பத்தான் ஒருத்தர் கேக்கறீங்க" என்றாள்.